உப்புக் காற்றும் வானர சேனையும்

கொலு வைக்கும் வீடுகளில் தசாவதார வரிசை இருக்கும். செட்டியாரும் அவர் மனைவியும் கடை விரித்திருப்பார்கள். ஆனால் ஒரு முழுச் சேனையையே படியேற்றும் வீடுகள் சிலவே. எங்கள் குடும்பத்தில் பாட்டி காலந்தொட்டு அப்படி ஒரு சேனை உண்டு. பண்ணுருட்டியில் செய்த இலங்கைப் போர்க்களம் அது. சாண் உயரமும் இல்லாத வானர வீரர் 32 பேர், அரக்கர் 24 பேர், தேரேறிய இராவணன், இத்தனை ஆரவாரத்திலும் விழிக்காமல் குறட்டை விடும் கும்பகர்ணன்.

இச்சேனையின் உண்மைப் பகைவன் இராவணன் அல்லன், மரக்காணத்து உப்பு. உப்பளங்களின் மேல் வீசிவரும் கடற்காற்று, சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகளில் ஈரத்தோடு உப்பையும் கொண்டு சேர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் ஏறினால் உப்பு கரைந்து உள்ளே பரவும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமன்றோ? வர்ணத்துக்கும் மண்ணுக்கும் இடையில் அது இடம் செய்துகொள்கிறது. நமது கடற்கரையில் இரவில் ஈரமும் நடுப்பகலில் வறட்சியும் மாறி மாறி வருவதால், இந்த முற்றுகை ஓயாமல் நடைபெறுகிறது. அனுமனுடைய கன்னத்தில் வெண்பூ பூத்து, ஒரு நாள் கன்னமே செதிலாக உதிர்ந்துவிடுகிறது.

இதற்கு இல்லங்களில் செய்யும் வைத்தியம் யாவரும் அறிந்ததே. கடையிலிருந்து எனாமல் வர்ண டப்பா வாங்கிவந்து, பொம்மையின் மேல் பளபளவென்று பூசிவிடுவது. அவ்வாண்டு நவராத்திரிக்கு வந்தவர்கள், "புதுசு போலவே இருக்கிறதே!" என்று வியந்து சுண்டல் வாங்கிப் போவார்கள். உள்ளே சிறைப்பட்ட உப்போ வெளியேற வழியின்றி, எனாமலையும் அதனடியிலுள்ள பழைய வர்ணத்தையும் சேர்த்தே தள்ளிவிடும். இரண்டு மூன்று பூச்சுக்குப்பின் சுக்ரீவன் யார், அங்கதன் யார் என்று அடையாளம் தெரியாது. எல்லாருக்கும் ஒரே உருண்டை முகம். பொம்மை செய்தவர் கடைசியாக எழுதித் திறந்த கண், முதற்பூச்சிலேயே மூடிப்போயிற்று. அதைத் திரும்பத் தருவதற்கு எந்தக் கடையிலும் டப்பா கிடையாது.

மேனாட்டிலும் இத்தகைய சேனைப் பித்தர்கள் உண்டு. எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் பெருந்தகை பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் விளையாடும் விதிகளை 1913-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இங்கிலாந்தில் 1983-இல் 'வார்ஹாமர்' என்ற ஆட்டம் வெளிவந்தபின், பூதங்களும் குறளிகளும் அடங்கிய ஈயச் சேனைகள் பெருகின. அக்காலத்து உருவங்களைத் தேடி வாங்கி, ரசாயன நீரில் மூழ்கவைத்து, பழைய வர்ணத்தை அடியோடு நீக்கிப் புதிதாகத் தீட்டுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. ஈயம் அதைத் தாங்கும். அதற்கும் ஒரு சத்துரு உண்டு: ஓக் மரப்பெட்டியிலிருந்து எழும் புளித்த ஆவி பட்டால் ஈயம் வெண்பொடியாகிவிடும். ஆனால் அவர்களுடைய வழியை நம் மண்பொம்மைக்குக் கொண்டுவரலாகாது. பசை கலந்து தீட்டிய வர்ணம், நீர் பட்ட மாத்திரத்தில் கரைந்தோடிவிடும். சுடாத பொம்மையாயின் பொம்மையே கரைந்துவிடும்.

ஆகையால் முதலில் சேனையைத் தரம் பிரிக்க வேண்டும். வர்ணம் இன்னும் நிற்கும் வீரர்களுக்கு நீர் கூடாது. வறண்ட நடுப்பகலில், மெல்லிய மயிர்த் தூரிகையால் வெண்பூவை மட்டும் துடைத்தெடுப்பதே போதும். மாலையில் செய்தால் பயனில்லை. ஈரம் ஏறியதும் உப்பு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். அது உப்புத்தானா என்று நாவினால் சோதிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுக. பழைய வர்ணங்களில் அரிதாரமும் ஈயச் செந்தூரமும் கலந்திருக்கக் கூடும், இரண்டும் நஞ்சு.

வர்ணம் முழுதும் உதிர்ந்துபோன, நன்கு சுட்ட வீரர்களுக்கு மட்டுமே ஸ்நானம். அதற்கும் எங்கள் ஊர்க் கிணற்று நீர் உதவாது. மழைநீரைப் பிடித்து வைத்து, நாள்தோறும் மாற்ற வேண்டும். உப்பு போயிற்றா என்பதை அறியப் பள்ளிக்கூடத்து ரசாயனசாலைப் பாடமே கைகொடுக்கிறது. ஊறிய நீரில் சிறிது எடுத்து, இரண்டொரு துளி நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், உப்பு இருக்குமளவுக்கு வெண்மையாகத் திரையும். என் முதல் வானரனின் நீர் முதல் நாள் தயிராகவே திரைந்தது. ஒன்பதாம் நாள் மங்கலான புகை. பன்னிரண்டாம் நாள் தெளிந்துவிட்டது. வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக்கறை சில நாள் போகாது என்பதை இல்லத்தரசிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இது புது வித்தையன்று. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜி உப்பு அள்ளுவதற்காக வேதாரண்யத்துக்கு நடந்தார். அதே ஆண்டில், சென்னை எழும்பூர் அரசாங்க மியூசியத்தில் ஒரு ரசாயன ஆய்வுக்கூடம் தொடங்கியது. அங்கே பரமசிவன் என்னும் தமிழ் விஞ்ஞானி, பழைய வெண்கல விக்கிரகங்களை அரித்துவந்த உப்பை வெளியேற்றும் பணியில் இறங்கினார். அள்ள வேண்டிய உப்பும் விரட்ட வேண்டிய உப்பும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வேலை கொடுத்தன!

உப்பு நீங்கி நிழலில் உலர்ந்த பின்னரே வர்ணத்தைப் பற்றிப் பேசலாம். சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து, உதிர்ந்த இடத்தில் மாத்திரம் அடிப்பூச்சு. அதன்மேல் பக்கத்து நிறத்துக்கு ஒத்த நிறம். நிற்கும் வர்ணத்தின்மேல் ஒரு துளியும் ஏறக்கூடாது. பழைய கண் எஞ்சியிருந்தால், அது எவ்வளவு மங்கியிருப்பினும் தொடலாகாது என்பது என் கட்சி.

என் தாயாரின் கட்சி வேறு. மூளியான பொம்மை கொலுவில் ஏறலாகாது என்பது அவர்களுடைய சட்டம். வாலறுந்த வானரர் மட்டும் ஏழு பேர். களத்தில் நிற்கும் வீரனுக்கு இருப்பது மூளியன்று, விழுப்புண் என்று வாதாடிப் பார்த்தேன். "உன் பள்ளிக்கூடத்துத் தமிழெல்லாம் படிமேல் செல்லாதப்பா" என்றார்கள். பிறகு சிறிது நேரம் அந்த ஏழு பேரையும் கையிலெடுத்துப் பார்த்திருந்துவிட்டு, கீழ்ப்படியில், கும்பகர்ணனுக்குப் பின்னால் அவர்களை நிறுத்தலாம் என்று தீர்ப்பளித்தார்கள். வால் தெரியாத இடம் அது.

கொலு கலைந்ததும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்க்கும். மழைநீரில் அலசிய பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, பெட்டியைக் கடற்புறச் சுவருக்கு எதிர்ப்பக்கம், தரையில் படாமல் பலகைமேல் வைப்பது நலம். எங்கள் வானரரில் பதினொருவர் இன்னும் ஸ்நானத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்து, உப்பளங்கள் ஓய்ந்ததும் அவர்களுடைய முறை.