பல்லைப் பிடித்துப் பார்க்கவேண்டிய மாடு: பழைய ஸ்னோமொபைலும் 'கம்மி கிலோமீட்டர்' மாயையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சரிதான். ஆனால் நாலாயிரம் டாலரை எண்ணிக் கொடுத்து வாங்குகிற மாட்டை? பல், சுழி, குளம்பு, நடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தானே சந்தையிலிருந்து ஓட்டிக்கொண்டு வரவேண்டும்?

வட அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், மற்ற விஷயங்களில் படு உஷாரான, தலை நரைத்த மனிதர்கள் பலர் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறார்கள். பழைய ஸ்னோமொபைல் வாங்கப் போகிறார்கள். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். எத்தனை சிசி என்று கேட்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் காட்டின் நடுவே, இருட்டிய பிறகு, மைனஸ் 30 டிகிரியில் தெரியவருகிறது!

ஸ்னோமொபைலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள் (ஸ்கீ), பின்னால் டாங்கியில் இருப்பதுபோல் சுழலும் ஒரு ரப்பர் பட்டை (டிராக்), நடுவில் எஞ்சின், அதன்மேல் மோட்டார் சைக்கிள் போல ஒரு இருக்கை. அவ்வளவுதான். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூதான் இன்றைய ஒற்றை ஆள் ஸ்னோமொபைலுக்கு வழிகாட்டி. அதன் எஞ்சின் வெறும் 7 குதிரைத்திறன். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதைத் தயாரித்தன. மின்னசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ, க்யூபெக் பக்கம் அந்தக் காலத்திலும் அதை ஒட்டியும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு சைக்கிளுக்கு அடுத்த வண்டி இதுதான்.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது ஐம்பது, அறுபது வயது. நடுவில் கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் என்று வண்டியை விற்றார்கள். இன்று பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வெளியே பனி பெய்கிறது. பழைய ஆசை எட்டிப் பார்க்கிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஆசையின் பேரில் விற்கப்படும் இரண்டு பொய்கள்தான் தவறு. ஒன்று, 'கம்மி கிலோமீட்டர் ஓடிய வண்டியே நல்ல வண்டி'. இன்னொன்று, 'பெரிய எஞ்சினே நல்ல எஞ்சின்'. முதல் பொய் பணத்தைத் தின்னும். இரண்டாவது பொய் ஆளையே தின்னும்.

பொய் ஒன்று: ஓடாத வண்டி புது வண்டி

'12 வருடப் பழையது, 1,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, கொட்டகையிலேயே நின்றது' என்று ஒரு விளம்பரம் வந்தால் போதும், அன்றைக்கே நாலு பேர் போய் நிற்பார்கள். பக்கத்திலேயே 9,000 கிலோமீட்டர் ஓடிய, ஒவ்வொரு சீசனும் ஓடிய, பிஸ்டன் மாற்றிய ரசீது உள்ள வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கார் வாங்கும் புத்தியை அப்படியே இங்கே கொண்டுவருவதால் வரும் வினை இது.

பழைய ஸ்னோமொபைல்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கில் இருந்த அதே வகை. இந்த எஞ்சினின் உள்பாகங்களுக்கு எண்ணெய் கிடைப்பது அது ஓடும்போது மட்டுமே. பெட்ரோலோடும் காற்றோடும் சேர்ந்து உள்ளே போகும் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குகளை நனைக்கிறது. வருடக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோகும், ஈரம் புகும், பேரிங் துருப்பிடிக்கும். கிராங்க் முனைகளில் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகும். அந்த ஊர்ப் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். டாங்கியிலும் கார்புரேட்டரிலும் தேங்கிய பெட்ரோல் பசையாக மாறி, ஊசி நுழையாத ஜெட் துளைகளை அடைத்துவிடும். போதாக்குறைக்கு எலிகள் வேறு காற்றுப் பெட்டிக்குள் குடும்பம் நடத்தும்.

இனி இந்த வண்டியை 'ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆச்சு' என்று பெருமையோடு வாங்கிக்கொண்டு போகிறவரின் கதை என்னவாகும்? ஒரு சிலிண்டரின் ஜெட் பாதி அடைத்திருக்கிறது. அல்லது காய்ந்த சீல் வழியாகக் கூடுதல் காற்று உள்ளே வருகிறது. இரண்டில் எது நடந்தாலும் அந்தச் சிலிண்டருக்குள் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டும் அல்ல, உள்ளே குளிர்ச்சி தருவதும் அதுதான். அது குறைந்தால் சூடு ஏறும், பிஸ்டன் உருகும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் உறுமும்போது இது நடக்காது. உறைந்த ஏரியின் மேல் முழு விசையில் பத்து நிமிடம் போகும்போது நடக்கும். அருகிலுள்ள சாலை 30 கிலோமீட்டர் தள்ளி. பல இடங்களில் செல்பேசி எடுக்காது. 'கம்மி கிலோமீட்டர்' என்று மிச்சம் பிடித்த பணம் அங்கே எதற்கு உதவும்?

ஆக, மீட்டர் எண் ஒரு தகவல், அவ்வளவே. அதை வைத்து மார்க் போடக்கூடாது. கேட்கவேண்டிய கேள்வி 'எவ்வளவு ஓடியது?' அல்ல. 'ஓடாத மாதங்களில் இதை எப்படி வைத்திருந்தார்கள்?' என்பதுதான். சீசன் முடிந்ததும் எஞ்சினுக்குள் பாதுகாப்பு எண்ணெய் அடித்தாரா, கார்புரேட்டரைக் காலி செய்தாரா, டிரைவ் பெல்ட்டைக் கழற்றி வைத்தாரா என்று கேட்டால் நல்ல உரிமையாளர் அரை மணி நேரம் பேசுவார். மோசமான உரிமையாளர் விலையைக் குறைப்பார்.

பொய் இரண்டு: பெரிசு வாங்கு, பின்னால் வருத்தப்படமாட்டாய்

இது கடைக்காரரும் சொல்வார், நண்பரும் சொல்வார். '600 வாங்கினால் அடுத்த வருடமே 800 கேட்கும் மனசு' என்று.

கணக்கைப் பார்ப்போமா? 800 சிசி எஞ்சின் ஒன்று 150 குதிரைத்திறனைத் தாண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் அதற்குப் பெரிய விஷயமே இல்லை. ஒன்டாரியோவில் ஸ்னோமொபைல் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். க்யூபெக்கில் 70. மின்னசோட்டாவில் 80. ஐம்பதில் போகவேண்டிய பாதைக்கு நூற்றைம்பது குதிரை எதற்கு? வாங்குவது வண்டியையா, இருபது வயதில் சுவரில் ஒட்டிவைத்திருந்த படத்தையா?

இதைவிடக் கவலை தருகிற விஷயம் ஒன்று உண்டு. மின்னசோட்டா சட்டப்படி 1976 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் ஸ்னோமொபைல் ஓட்டலாம். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அது தேவையில்லை. காலமெல்லாம் ஓட்டிவந்தவருக்கு இது பொருத்தமான விதிவிலக்கு. ஆனால் 1985ல் 40 குதிரைத்திறன் சொச்சம் உள்ள வண்டியை ஓட்டிவிட்டு, அதன்பின் தொடாமலே இருந்தவருக்கு? பதினாறு வயதுப் பையன் பயிற்சி எடுக்கவேண்டும், நாற்பது வருடம் கழித்து வருபவர் 150 குதிரைமேல் ஏறி நேராகப் போகலாம். சட்டம் விட்டுவிட்டது என்பதால் முதுகெலும்பு விட்டுவிடாது. கையின் பழக்கம் போயிருக்கும், கண் பார்வை மங்கியிருக்கும், நினைவு மட்டும் இருபது வயதிலேயே நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் மரத்தில்தான் போய் முடியும்.

திரும்பி வருபவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. 2003 மாடலில் ஸ்கீ-டூ 'ரெவ்' என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதுவரை காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்த ஓட்டுநர், அதன்பின் வண்டியின் நடுவுக்கு நகர்ந்தார், கால் உடம்புக்குக் கீழே வந்தது. குண்டு குழியில் எழுந்து நிற்பது எளிதாயிற்று. மற்ற நிறுவனங்களும் அதே திசையில் போயின. ஐம்பது வயது இடுப்புக்கு இந்த மாற்றம் ஐம்பது குதிரைத்திறனைவிடப் பெரிது. அதேபோல் ரிவர்ஸ், எலக்ட்ரிக் ஸ்டார்ட், சூடேறும் கைப்பிடி. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி பனியில் புதைந்தால் ரிவர்ஸ் இல்லாதவர் தூக்கித்தான் திருப்பவேண்டும். அப்போது சிசி வந்து கை கொடுக்காது.

பாதையில் போகிறவர் மலை வண்டியை வாங்குவதும் இதே நோய்தான். நீளமான டிராக், உயரமான ரப்பர் பற்கள், நெருங்கிய ஸ்கீக்கள் எல்லாம் ஆழமான பனிக்கானவை. கெட்டியான பாதையின் வளைவில் அது ஆட்டம் காட்டும். தண்ணீர்க் குளிர்ச்சி வண்டிகளில் டிராக் வாரியடிக்கும் பனிதான் குளிர்விக்கும் குழாய்களில் படவேண்டும். தூள் பனி இல்லாத வெறும் பனிக்கட்டியில் எஞ்சின் கொதிக்கும். ஏரி மேல் நிதானமாகப் போகிறவருக்கு 60 குதிரைத்திறன் அளவிலான, விசிறிக் குளிர்ச்சி கொண்ட 550 சிசி வண்டி போதும். பார்க்கக் கம்பீரம் இல்லை. வீடு வந்து சேரும்.

எதிர்க்கட்சி சொல்வதும் நியாயம்தானே?

'பழசே வேண்டாம், வாரண்டியோடு புதுசு வாங்கு' என்பார்கள். வசதி உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் விளையாட்டு இன்னும் பிடிக்கிறதா, உடம்பு ஒத்துழைக்கிறதா என்றே தெரியாத முதல் வருடத்தில் பத்தாயிரம் டாலருக்கு மேல் போடுவது புத்திசாலித்தனமா?

'அந்தக் கால வண்டிதான் பெஸ்ட், ஒரு ஸ்பார்க் பிளக்கும் ஸ்பேனரும் போதும்' என்பார்கள் இன்னொரு சாரார். எளிமை உண்மைதான். ஆனால் அந்த நூற்றுச் சொச்சம் நிறுவனங்கள் எங்கே? ஆர்க்டிக் கேட் 2024 இறுதியில் உற்பத்தியை நிறுத்தி, 2025ல் புது உரிமையாளர் கைக்குப் போனது. 2003 மாடலில் ஃபோர் ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்-1ஐக் கொண்டுவந்து கலக்கிய யமஹா, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு ஸ்னோமொபைலுக்கு விடை கொடுத்துவிட்டது. அதனால் அந்த வண்டிகள் குப்பை ஆகிவிடவில்லை. நன்றாகப் பராமரித்த ஃபோர் ஸ்ட்ரோக் 20,000 கிலோமீட்டரைக் கண்டு அஞ்சாது. ஆனால் எந்த வண்டியானாலும் வாங்கும் முன் 'பாகம் பக்கத்தில் கிடைக்கிறதா?' என்று விசாரிப்பது மீட்டரைப் பார்ப்பதைவிட முக்கியம்.

பல் பார்க்கும் முறை

போனதும் முதல் வேலை, எஞ்சின்மேல் கை வைப்பது. சூடாக இருந்தால் முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. ஆறவிட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் இன்னொரு நாள் வரலாம்.

அடுத்தது, கம்ப்ரெஷன் சோதனை. அதற்கான மீட்டர் விலை சொற்பம். வரும் எண் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆனால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. சோதிக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

பின்பக்கத்தைத் தூக்கி டிராக்கைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பற்கள் உடைந்திருக்கின்றனவா, ஓரத்தில் கிழிசல் உண்டா? டிராக் சறுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன? ஸ்கீயைப் பிடித்து ஆட்டினால் தொளதொளவென்று ஆடக்கூடாது. டிராக்குக்கு மேலே உள்ள அலுமினிய உடலில் நெளிவோ வெல்டிங்கோ இருந்தால் எங்கோ மோதிய வண்டி. அதே உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணையும் பதிவுத் தாளையும் ஒப்பிடவேண்டும். எண் பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடவேண்டும்.

கடைசியாக, கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டியிலேயே போடக்கூடாது. புது டிரைவ் பெல்ட், ஸ்பார்க் பிளக், நல்ல ஹெல்மெட், ஒரு நாள் பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்து வைத்தபின் மிஞ்சுவதே வண்டியின் விலை. ஏரியில் இறங்கும் முன் பனிக்கட்டியின் கனத்தையும் அளக்கவேண்டும். புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 5 முதல் 7 அங்குலம் இருந்தால்தான் ஸ்னோமொபைல் போகலாம் என்கிறது மின்னசோட்டா இயற்கை வளத் துறை.

இருபது வருடம் கொட்டகையில் நின்ற வண்டியை 'புதுசு மாதிரி' என்று நம்புபவர், இருபது வருடம் சோபாவில் உட்கார்ந்திருந்த தன்னையும் அப்படியே நம்புகிறார். இரண்டையும் மெதுவாகத்தான் ஓடவிடவேண்டும். இளமையை யாரும் எந்தச் சந்தையிலும் விற்பதில்லை. அங்கே கிடைப்பது வண்டி மட்டும்தான். அதையாவது பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கலாமே!