உதவித்தொகை போதாது, உரிமையோடு வேலை வேண்டும்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. காலை எட்டு மணிக்கெல்லாம் சாரத்தில் ஏறி, பட்டி பூசி, காய்ந்ததும் எமரி பேப்பரால் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் பெயின்டர்கள். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளைப் பொடி. அவர்களில் வட மாநிலத்தவர் உண்டு, திருவண்ணாமலைக்காரர் உண்டு. கும்மிடிப்பூண்டி, புழல் அகதி முகாம்களிலிருந்து வரும் ஈழத்துப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் போய் ஆண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'பெயின்ட் வேலை' என்பதுதான். பட்டப்படிப்பு முடித்தவர்கள் வீட்டிலும் அதே பதில் வரும்.

பெயின்ட் வேலை தாழ்ந்ததல்ல. ஆனால் 40 ஆண்டுகளாக ஒரு சமூகத்தின் ஆண்களில் இத்தனை பேர் ஒரே தொழிலில் போய் நிற்கிறார்கள் என்றால், அதை அவர்கள் தேர்ந்தெடுத்த தொழில் என்று சொல்ல முடியாது. மேஸ்திரி பாஸ்போர்ட் கேட்பதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனம் கேட்கிறது. முகாமில் 'செக்கிங்' என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஆள் காட்ட வேண்டும். தினக்கூலிக்கு அது ஒரு நாள் சம்பளத்தோடு போகும். மாதச் சம்பளக்காரருக்கு வேலையே போய்விடும்.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பின் நான்கு கட்டங்களாக 3 லட்சம் பேர் இங்கே வந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் வாழ்வோர் 30,000க்கு மேல். தமிழக அரசு செய்திருப்பதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறின, 7,469 புதிய வீடுகளுக்குத் திட்டமிடப்பட்டது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நல்ல வீடு, கூடுதல் பணம், பொறியியல் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் எல்லாம் வந்தன. அந்தக் கல்வி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அந்தப் பதில் டெல்லியில் இருக்கிறது.

உக்ரைன் அகதிகள் விஷயத்தில் ஐரோப்பா செய்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 24 அன்று போர் மூண்டது. மார்ச் 4 அன்று, பத்தே நாளுக்குள், தற்காலிகப் பாதுகாப்பு விதியை ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தங்க, படிக்க, வேலை பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி. போலந்து அவர்களுக்குத் தன் சொந்த அடையாள எண்ணையே கொடுத்தது. தொழில் தொடங்கவும் வழிவிட்டது. அங்கும் ஆசிரியைகள் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார்கள், எல்லோருக்கும் படிப்புக்கேற்ற வேலை கிடைத்துவிடவில்லை. என்றாலும் மறைந்து வேலை செய்ய வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. ஆனால் அகதிக்கு வேலை உருவாக்கத் தெரியாத நாடு அல்ல. 1964 அக்டோபரில் போடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்களுக்காகவே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. 'டேன்டீ' என்று இன்றும் பாக்கெட்டில் பார்க்கிறோமே, அதுதான். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே கடைகள் கிடைத்தன. அந்தப் பர்மா பஜாரில் வாங்காத சென்னைக் குடும்பம் குறைவு. தாயகம் திரும்பியோருக்குக் கடன் கொடுக்க மத்திய அரசு 1969இல் ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. குறைகள் இருந்தன, மலையில் வறுமையும் இருந்தது. ஆனாலும் தோட்டம், கடை, வங்கி என்று அரசால் யோசிக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவர்கள் கையில் குடியுரிமை இருந்தது.

1983க்குப் பின் வந்தவருக்கு அது இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. பெரிய நிம்மதிதான். ஆனால் வழக்குப் பயம் போனதோடு சரி, குடியுரிமைக்கு அது வழிவிடவில்லை. இலங்கைக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. 30 வருடம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்தவருக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது.

தெற்குப் புறநகரில் இதைவிட நலிந்தவர்களும் இருக்கிறார்கள். கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் 2012 முதல் ரோஹிங்கியா குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. பழைய இரும்பு, அட்டை, பிளாஸ்டிக் பொறுக்கிக் காயலான் கடையில் எடை போட்டு வாழ்க்கை ஓடுகிறது. பிள்ளைகள் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ஐ.நா. அகதி அட்டை ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும் தாள். அதை வைத்துக்கொண்டு எந்தத் தொழிற்சாலை வாசலிலும் நிற்க முடியாது.

எல்லோருக்கும் நாளையே குடியுரிமை என்று கேட்டால் டெல்லி கதவைச் சாத்திக்கொள்ளும். முதலில், பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் வேலை பார்க்கும் உரிமை என்று எழுத்தில் ஒரு தாள் கொடுக்கட்டும், எந்த நிறுவனமும் அதை ஏற்கும்படி. வேலைக்குப் போகிறவருக்குச் செக்கிங் நாளில் விலக்கு வேண்டும்; இதை மாநில அரசே செய்துவிடலாம்.

அடுத்தது மலையகத்தார். முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் இந்திய வம்சாவளியினர். தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுபோனதால் ஒப்பந்தப்படி வர வேண்டிய பலர் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள், பிறகு போருக்குத் தப்பிப் படகேறினார்கள். படகில் வந்ததால் 'அகதி' ஆனார்கள். இப்படிப்பட்ட 65 பேர் தொடர்ந்த வழக்கில், குடியுரிமை கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இவர்களுக்காகப் புதுச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. 1964இலேயே இந்தியா கொடுத்த வாக்கு இருக்கிறது. முதல் கையெழுத்து அந்தக் கோப்புகளில் விழட்டும்.