முருகைத் தொட்டியும் சுண்ணாம்புக் கணக்கும்



மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் சிலர், அங்கே கண்ட கடல்நீர்த் தொட்டியை நம் வீட்டிலும் வைக்க ஆசைப்படுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் பிள்ளை விமானம் ஏறியதும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு உம்மாவின் கையில் அல்லவா வந்து விழும்? ஆகவே விஷயத்தை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

உயிருள்ள முருகை வெறும் கல்லன்று. கடல்நீரில் கரைந்துள்ள கல்சியத்தை எடுத்தே அது தன் கூட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லீட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தொட்டியிலோ முருகை வளர வளர அது குறைந்துகொண்டே போகும். நம் மலையகத்துத் தண்ணீர் மென்னீர். யாழ்ப்பாணத்துக் கேத்தலில் படியும் வெள்ளை நம் கேத்தலில் படிவதில்லையே! பீலித் தண்ணீரை ஊற்றி அந்தக் குறையை நிரப்ப முடியாது.

இதை அளக்க மின்னணுக் கருவிகள் உள்ளன. டிரைடன்ட் என்னும் அமெரிக்கக் கருவி, தொட்டி நீரைத் தானே சிறிது இழுத்து, மருந்து கலந்து, நாளுக்கு இரண்டு தடவை கல்சியத்தின் அளவைச் சொல்லும். மருந்து தீரத் தீர வாங்க வேண்டும். கருவி அளக்கும், ஈடுசெய்யும் வேலை நம்முடையது.

ஈடுசெய்யப் பலர் ஊற்றுவது என்ன தெரியுமா? தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்! மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டில் உள்ள அதே பொருள்தான், சுத்தமான வடிவில். அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் காரம் ஏறித் தொட்டியிலுள்ள உயிர்கள் மடியும்.

நம் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல் வெகுதூரம் உள்ளே புகுந்து, ரயிலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. முருகை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அவ்வளவு சேதமில்லை. முருகை வெட்டப்பட்ட இடங்களில் அழிவு கூடியதென 2005இல் ஆய்வாளர்கள் எழுதினர். எனவே கடலில் பெயர்த்த முருகையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: முருகைக்குச் சுமார் 25 பாகை வெப்பம் வேண்டும். நுவரெலியாக் குளிரில் இரவு முழுதும் ஹீட்டர் எரிய வேண்டும். மின்சாரம் நின்றால்?

மகனிடம் இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். தினமும் பார்க்க ஆளில்லையென்றால் நன்னீர்த் தொட்டியில் நாலு கப்பி மீன் போதும். வாயில்லா உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அதன் தேவையும் நம் பொறுப்பே.