ஒரே திரையில் அக்காவும் தம்பியும்

2022 தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து கெப்பாலா பத்தாஸ் வந்த தம்பி, பையைக் கீழே வைத்ததும் முதலில் கேட்டது இதுதான்: “அக்கா, நம்ம விளையாட்டு திரும்ப வந்திருச்சு, தெரியுமா?”

எந்த விளையாட்டு என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பாதியில் விட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘பால்டர்ஸ் கேட்: டார்க் அலையன்ஸ் 2’.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘பால்டர்ஸ் கேட்’ என்பது பயோவேர் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த கணினி விளையாட்டு. நிறைய வாசிக்க வேண்டும், அடிக்கடி நிறுத்தி யோசிக்க வேண்டும். அதன் கிளைக்கதையாக 2001 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது ‘டார்க் அலையன்ஸ்’. வனபருவத்தில் வரும் நளன் கதையைத் தனியே எடுத்துப் புகழேந்தி நளவெண்பா பாடினார் அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான் இதுவும். உலகம் அதே உலகம், ஆட்களும் கதையும் வேறு. இங்கே யோசிப்பதைவிட வாள் வீசுவதே அதிகம்.

அந்த முதல் விளையாட்டு, நாயகர்கள் மூவரும் எதிரிகளிடம் சிக்கும் இடத்தில் முடிந்துவிடும். ‘தொடரும்’ என்று சொல்லிவிட்டுப் போனால் நேயர்கள் எப்படித் தவிப்பார்கள் என்பது வானொலியில் இருக்கும் எனக்குத் தெரியும். இதற்கு ரசிகர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். 2004 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தது. பிளேஸ்டேஷன் 2-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டுமே வந்தது. முதல் பாகத்தை நிண்டெண்டோவின் கேம்கியூபில் ஆடியவர்களுக்கு மீதிக் கதை கிடைக்கவே இல்லை.

எங்களுக்கு வேறு விதமாகக் கிடைக்காமல் போனது. நான் அப்போது படிவம் இரண்டு, தம்பி ஆரம்பப் பள்ளி. பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டுத் தட்டு அது. நான் கைச்சண்டை போடும் துறவிப் பெண், அவன் குள்ளத் திருடன். இருவர் ஆடினாலும் திரை இரண்டாகப் பிரியாது. ஒருவர் பின்தங்கினால் மற்றவர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவன் பீப்பாயெல்லாம் உடைத்துக் காசு பொறுக்குவான், நான் “வாடா, வாடா” என்று கத்துவேன். அந்தத் தட்டு ஒரு குகை வாசலில் உறைந்துபோகும். எத்தனை முறை துடைத்துப் போட்டாலும் அதே வாசல். அதற்கு மேல் நாங்கள் போகவே இல்லை.

பிறகுதான் அதைச் செய்தவர்களின் கதையைப் படித்தேன். இரண்டாம் பாகத்தை உருவாக்கியது அமெரிக்காவின் பிளாக் ஐல் ஸ்டூடியோஸ். அதன் தாய் நிறுவனமான இன்டர்பிளே கடனில் தத்தளித்தது. 2003 டிசம்பரில், விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. தாங்கள் செய்தது விற்பனைக்கு வந்த நாளில் அவர்களுக்கு வேலை இல்லை.

நாங்கள் கொடுத்த ஐந்து வெள்ளியில் ஒரு காசு கூட அவர்கள் பக்கம் போயிருக்காது. சின்னப் பிள்ளைகள்தானே என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனாலும் படித்த அன்று மனது உறுத்தியது.

18 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில் இன்டர்பிளே அதே விளையாட்டை இன்றைய கருவிகளுக்காக மீண்டும் வெளியிட்டது. அன்று கைவிடப்பட்ட நிண்டெண்டோகாரர்களுக்கும் இம்முறை சுவிட்சில் கிடைத்தது. தம்பி முறையாகக் காசு கொடுத்து வாங்கி, சுவிட்சையும் கொண்டுவந்திருந்தான். பழைய கணக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை. அன்று வேலை இழந்தவர்களுக்கு அந்தப் பணம் போகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு படைப்பு அழியாமல் இருக்க, அதை யாராவது விற்க வேண்டும், யாராவது வாங்க வேண்டும்.

நான்கு இரவுகள் ஆடினோம். அந்தக் குகை வாசலைத் தாண்டியபோது அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினோம். ஆண்டுக்கு இரண்டு முறை சந்திக்கிறோம், சந்தித்தாலும் ஆளுக்கொரு கைப்பேசி. இதிலோ அவன் என்னை விட்டுப் போக முடியாது, நானும் அவனை விட்டுப் போக முடியாது. திரை விடாது.

முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடியது. தம்பி வழக்கம்போல் தாண்டிவிடப் பொத்தானைத் தேடினான். “இருடா, படிப்போம்” என்றேன். ஒரு பெயரும் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கடைசி வரை படித்தோம்.

2023 ஆகஸ்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை வென்றது. அதை உருவாக்கிய லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஸ்டூடியோ இருக்கிறது. 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு அது, பெற்றோர் கவனிக்கவும். உங்கள் வீட்டுப் பெரிய பிள்ளை அதை ஆடி முடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். நம் நாட்டில் உட்கார்ந்து உழைத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.