டீயை விட்டவர்

லெந்து ஆரம்பித்து இரண்டாவது வாரம். ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் அண்ணாச்சிக்கும் சேர்த்து ரெண்டு டீ சொன்னேன். ‘‘எனக்கு வேண்டாம் தம்பி. லெந்து நாள்லா... இந்த வருஷம் டீயை விட்டிருக்கேன்’’ என்றார். போன வருஷம் மீன். அதற்கு முந்தின வருஷம் டி.வி. சீரியல். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற மனுஷர். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நிஜமாகவே போராடிக்கொண்டிருந்தார். கேலி செய்ய மனசு வரவில்லை.

பேச்சு மகள் கல்யாணத்துக்கு வந்தது. அவள் ஒரு பையனை விரும்புகிறாளாம். பேங்க் வேலை, வாராவாரம் ஆராதனை, கொயரில் பாடுகிறான், சிகரெட் கிடையாது. ‘‘அப்புறம் என்ன அண்ணாச்சி?’’ என்றேன்.

‘‘பையன் நம்ம சபைதான். ஆனா நம்ம ஆளுக இல்லல்லா தம்பி!’’

இதைச் சொல்லும்போது அவர் நெற்றியைத் தேய்க்கவில்லை. இங்கே அவருக்குப் போராட்டமே இல்லை. முடிவு ரொம்ப நாளைக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அவர் பிறப்பதற்கும் முன்பே.

பத்திரிகைக்கு வருவதற்கு முன், பி.காம். முடித்த கையோடு, கொஞ்ச நாள் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனிக் கணக்கில், தபால் செலவில் 12 ரூபாய் இடித்தது. ஒன்றரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன். சீனியர் வந்து, ‘‘அதெல்லாம் சரிடா, குடோன்ல சரக்கு இருக்கான்னு போய்ப் பார்த்தியா?’’ என்று கேட்டார். பார்க்கவில்லை. 12 ரூபாயைத் தேடுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தேடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள், வேலை செய்த களைப்பும் கிடைக்கும். குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணினால் முதலாளி முகம் மாறும். ஆடிட்டில் இதற்கு ‘மெட்டீரியாலிட்டி’ என்று ஒரு பாடமே இருக்கிறது. எந்தத் தப்பு மொத்தக் கணக்கையும் பொய்யாக்குமோ, அதை முதலில் பார் என்பதுதான் பாடம்.

நம் சபைகளில் (நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான்) எல்லோரும் தபால் செலவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நகை போடலாமா? பூ வைக்கலாமா? ஞானஸ்நானம் தெளிப்பா, முழுக்கா? கை தட்டிப் பாடலாமா? சினிமா பார்க்கலாமா? இதற்காக உடைந்த குடும்பங்கள் உண்டு. அம்மா கழுத்தில் செயின் கிடக்கிறது என்று அம்மா கையால் சாப்பிடாத மகனை எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் வைத்திருக்கும் கம்பீரமான பெயர், ஆவிக்குரிய போராட்டம்.

போராட்டம் என்றதும் எல்லோரும் சாட்சிக்கு இழுப்பது பவுலைத்தான். சரி, பவுல் எதற்குச் சண்டை போட்டார், எதற்குப் போடவில்லை என்று பாருங்கள். ரோமாபுரி சபையில் சிலர் இறைச்சி சாப்பிட்டார்கள், சிலர் காய்கறி மட்டும். சிலர் குறிப்பிட்ட நாளை விசேஷமாக வைத்தார்கள், சிலருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். பவுல் எழுதியதன் சாரம், ஒருவரையொருவர் குற்றவாளியாக்காதீர்கள், அவரவர் மனசாட்சிப்படி விட்டுவிடுங்கள் என்பதுதான். ஆனால், அந்தியோக்கியாவில் நடந்தது வேறு. பேதுரு அங்கே யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்தக்காரக் கூட்டம் வந்து சேர்ந்ததும் நைசாக ஒதுங்கிக்கொண்டார். பேதுரு யார்? இயேசுவோடு நடந்தவர், சீடர்களில் முதல் ஆள். அவரைப் பவுல் எல்லோர் முன்னாலும், முகத்துக்கு நேராகக் கண்டித்தார். இலையில் என்ன இருக்கிறது என்பதற்கு அவர் சண்டை போடவில்லை. பக்கத்து இலையில் யார் என்பதற்குப் போட்டார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. லெந்துக்காவது ஒருமுறை படிக்கலாம்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெரிய கவிஞர். அவர் பாட்டில்லாமல் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணமோ சாவோ கிடையாது. 1820-களின் கடைசியில் புது மிஷனரிகளை எதிர்த்துக் கொடுமைகள் என்று நாலு விஷயங்களைப் பட்டியல் போட்டார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள், பூ அலங்காரம் கூடாது என்கிறார்கள், எல்லா சாதியையும் ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள். பாட்டு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பேன். பூ விஷயத்தில் வெள்ளைக்காரருக்கு என்ன வந்தது? ஆனால், அதே மூச்சில் அந்த நாலாவது! 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, விட்டுத்தான் ஆக வேண்டும் என்று கடிதமே அனுப்பினார். பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டுவிட்டுப் போனார்கள்.

பழங்கதை என்பீர்கள். 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாடு பற்றி வெளிப்படையாகவே கண்டித்துப் பேசினார். நாலு வருஷம் கழித்து, உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீட்டுச் சவப்பெட்டி கோயிலின் முக்கியத் தெரு வழியாகப் போகக்கூடாது, புதைக்கிற இடமும் தனி என்றால் வேறு என்ன கேட்பார்கள்? அவர்களுடைய வீடுகளைத் தாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள்தான். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். தேதி 2008 மார்ச் 9. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. ஆக, அது தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கல் எறிந்த கைகளில் எத்தனை அன்று கறி தொடாத கைகளோ!

என் மாமா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். ‘‘சின்ன விஷயத்துல மனசை அடக்கிப் பழகினாதான்டா பெரிய விஷயத்துல அடக்க வரும். டீயை விடத் தெரியாதவன் சாதியை எப்படி விடுவான்?’’ நல்ல வாதம்தான். நோன்பையே நான் பரிகாசம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் ஐயா, 40 வருஷமாகத் தண்டால் எடுக்கிறவர் வீட்டில் ஒரு நாள் பாரம் தூக்க வேண்டி வருகிறது. ‘அது என் வேலை இல்லை’ என்று அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டால், அந்தத் தண்டால் எதற்கு?

வரதட்சணையை எடுங்கள். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். நூறு பவுனும் காரும் பேசி முடித்தது பாதி சபைக்குத் தெரிந்திருக்கும். நான் போன எந்தக் கோயிலிலும் யாரும் எழுந்ததில்லை. நானும் எழுந்ததில்லை. ஒரு முறை எழ நினைத்தேன். பக்கத்தில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷ லெந்தில் நான் விட்டது காபி.

அண்ணாச்சியிடம் அன்றைக்கே கேட்டேன். ‘‘டீயைக் குடிங்க அண்ணாச்சி. அதுக்குப் பதிலா, இந்த 40 நாளும் அந்தப் பையன் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்களேன்.’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘‘ஐயரே இப்பிடிச் சொல்லலை, நீ சொல்லுத’’ என்றார். ‘‘ஈஸ்டர் கழியட்டும் தம்பி, பார்ப்போம்.’’

ஈஸ்டர் கழிந்து மூன்று வாரம் ஆகிறது. டீக்கடைக்கு முன்னைப் போலவே வருகிறார். மகளை நாசரேத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.