உள்ளத்தின் நோயைக் கிராமத்திலே கற்க வேண்டும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியை அண்டிய பாப்பாமோட்டை போன்ற கிராமங்களின் ஜனங்கள், 2009இல் முடிவுற்ற யுத்தத்தினால் வீடுவாசல் துறந்து ஓடியதும், முகாம்களில் வாழ்ந்து பின்னர் மீளக் குடியேறியதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அந்தத் துக்கம் இன்று எந்த வேடம் பூண்டு வைத்தியசாலை வாசலுக்கு வருகிறது என்பதையோ அறிந்தவர் சிலரே.

மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர் அரிது. தலையிடி, நெஞ்செரிவு, உடம்பெல்லாம் உளைவு, நித்திரையின்மை என்று சரீரத்தின்மேல் வைத்து முறையிடுவோரே அநேகர். அவர்களுக்குப் பனடோல் கொடுத்தனுப்பும் தாதியரையும் இளம் வைத்தியரையும் நிந்திப்பது நியாயமன்று. அதற்கப்பால் விசாரிக்கும் வித்தையை நாம் அவர்களுக்குப் போதிய அளவு பயிற்றவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’, 2014இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்’ ஆகிய நூல்களில், யுத்தத்தின் காயம் தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் ஊடறுப்பதை விரித்துரைத்தார். காணாமற்போன மகனுக்கு அந்தியேட்டி செய்ய மனம் ஒப்பாமலும், வருவான் என்று நம்பியிருக்க இயலாமலும் தவிக்கும் தாயின் வேதனையை, வார்டுக் கட்டிலருகே நின்று குறிப்பெடுக்கும் மாணவன் எவ்வாறு பிரத்தியட்சமாக அறிவான்?

சுனாமிக்குப்பின் 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, கொழும்பை அண்டிய அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரப்ப முனைந்தது. சிகிச்சை சென்ற வழியே கல்வியும் செல்லவேண்டும். மருத்துவ மாணவரும் தாதிய மாணவரும் சில வாரங்களேனும் குடும்பநல உத்தியோகத்தரோடு வீடுவீடாகச் சென்று, பதறாமல் வினவவும், குறுக்கிடாமல் கேட்கவும், தம்மால் ஆகாததை உளமருத்துவரிடம் அனுப்பவும் பழக வேண்டும்.

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரமானது என்பர். ஆனால், வாழ்வில் பற்றிழந்தவர் நீரிழிவு மாத்திரையையும் நிறுத்திவிடுவார் என்பதை அறியாத வைத்தியரின் மருந்துச்சீட்டினால் என்ன பயன்?

அம்மாணவருள்ளும் பலர் யுத்தகாலத்தில் பிறந்தவர்கள். பிறர் துயரைக் கேட்கையில் தம் வீட்டுத் துயரும் கிளறப்படலாம். ஆதலால், அவர்கள் மனந்திறந்து பேசத்தக்க மூத்த ஆசிரியர் ஒருவரையும் இப்பயிற்சியோடு நியமித்தல் அவசியம். பரீட்சையில் கேட்கப்படாத பாடம் கற்கப்படுவதில்லை என்பது நம் கல்விக்கூடங்களின் வழக்கமாதலின், நோயாளியின் முறையீட்டைக் கேட்டறியும் திறனையும் பரீட்சித்தே பட்டமும் சான்றிதழும் வழங்கப்பட வேண்டும்.