கஞ்சித் தொட்டிக்கும் கைமுதல் வேண்டும்

யுத்தம் என்றதும் வியாபாரிகளாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சரக்கு வரத்தும் விலையும்தான். கப்பல் வருமா, எண்ணெய் விலை ஏறுமா, போட்ட முதல் திரும்புமா என்று மனம் கணக்குப் போடும். அதில் குற்றமில்லை, அது நம் தொழில். ஆனால் யுத்தம் நடக்கிற ஊரிலும் கடைவீதி உண்டு. நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் அங்கும் உண்டு. அரசாங்கம் ஓடிப்போன ஊரில் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார், அவர்களுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை நாமும் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. சூடான் நாட்டில் நடந்தது இதற்கு நல்ல பாடம்.

சூடான் நம் தொழிலுக்கு அந்நியமான தேசம் அல்ல. மிட்டாய், குளிர்பானம், மருந்துத் தொழில்களில் புழங்கும் அரபிக் கோந்தில் பெரும்பகுதி உலகச் சந்தைக்கு அங்கிருந்துதான் வருகிறது. எள்ளும் நிலக்கடலையும் அங்கே பெரும் விளைச்சல். அந்நாட்டில் 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும், விரைவு ஆதரவுப் படை எனப்படும் துணை ராணுவத்துக்கும் தலைநகர் கார்ட்டூமிலேயே சண்டை மூண்டது. ஒரு பக்கம் ராணுவத் தளபதி அல்-புர்ஹான். மறுபக்கம் ஹெமெத்தி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் தகலோ. இருவரும் 2021 அக்டோபரில் ஒன்றாகச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தவர்கள். பங்காளிகள் சண்டையில் நாடு எரிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள்.

சண்டை மூண்டதும் தூதரகங்கள் மூட்டை கட்டின. உலக உணவுத் திட்டத்தின் ஊழியர்கள் மூவர் முதல் நாளிலேயே டார்ஃபூர் பகுதியில் கொல்லப்பட்டதால், அந்த அமைப்பு சுமார் இரண்டு வாரம் தன் வேலையை நிறுத்தி வைத்தது. பெரிய உதவி நிறுவனங்கள் பல, செங்கடல் கரையில் உள்ள போர்ட் சூடானுக்கு ஜாகை மாறின. ஊரில் மிஞ்சியவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

அந்த ஊர்க்காரர்களில் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு கூடி ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் குழுக்கள் அமைத்தார்கள். 30 ஆண்டு ஆண்ட ஒமர் அல்-பஷீர் 2019-ல் பதவி இழக்கக் காரணமான போராட்டத்தில் முன்நின்ற பேட்டைக் கமிட்டிகளிலிருந்து வந்தவர்கள் இவர்களில் பலர். அறுவடைக்கோ வீடு கட்டவோ ஒருவர் குரல் கொடுத்தால் ஊரே கை கொடுக்க வருவது அங்கே பழைய வழக்கம். அதற்கு ‘நஃபீர்’ என்று பெயர். சூஃபி மடங்களில் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் சோறு போடும் ‘தக்கியா’ என்ற ஏற்பாடும் உண்டு. நம் ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் சேர்த்துத் தெருக்களில் பொது அடுப்பு மூட்டினார்கள். பருப்பு, ஃபூல் என்ற மொச்சை வகை, சோள மாவுக் களி ஆகியவையே சாப்பாடு. பஞ்ச காலத்தில் நம் முன்னோர் கஞ்சித் தொட்டி திறந்தார்களே, அதுதான் இது. ஆஸ்பத்திரிக்கு மருந்து, குடிதண்ணீர், சண்டைக்கு நடுவில் சிக்கியவர்களை வெளியே கொண்டுவருவது எல்லாவற்றையும் இவர்களே பார்த்தார்கள்.

அடுப்பு எரிய வேண்டுமானால் சரக்கு வேண்டும். சரக்கு கடையிலிருந்துதான் வர வேண்டும். முதலில் வெளிநாடுகளில் வேலை பார்க்கும் சூடான்காரர்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணம் கார்ட்டூம் வங்கியின் ‘பங்கக்’ என்ற கைபேசிச் செயலி வழியாக வந்தது. கடைக்காரருக்கும் அதிலேயே பட்டுவாடா ஆயிற்று. ரொக்கமாக மாற்ற வேண்டியிருந்த இடங்களில் கமிஷன் பிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் நாடு முழுவதும் தொலைத்தொடர்பு அற்றுப்போனபோது, பணம் இருந்தும் கொடுக்க வழியில்லாமல் கார்ட்டூமில் பல அடுப்புகள் அணைந்தன. கையில் பணம் இல்லாத நாட்களில் உள்ளூர் வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தார்கள். குண்டு விழுகிற ஊரில், நாளைக்குக் கடை இருக்குமா என்று தெரியாத நிலையில், நாணயத்தை மட்டும் நம்பிப் பருப்பு மூட்டையைக் கடனுக்குத் தூக்கிக் கொடுப்பது என்ன காரியம் என்பது மற்றவர்களைவிட நமக்குத் தெரியும்.

பிறகுதான் வெளிநாட்டு நிதியுதவி வரத் தொடங்கியது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நிதி கொடுக்கிற அரசாங்கங்கள் பதிவுப் பத்திரம் இல்லாத தெருக் குழுவுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. ஐ.நா. அமைப்புக்குக் கொடுக்கும், அது ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது இன்னொரு உள்நாட்டு அமைப்புக்குக் கொடுக்கும், கடைசியில் தெருவுக்கு வரும். கொள்முதல் இடத்துக்கும் கடைக்கும் நடுவே நாலு தரகர் நின்றால் சரக்கு என்ன விலைக்கு வந்து சேரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவு என்று ஒரு பிடி போகும். ஒவ்வொரு படியிலும் காகிதம் நகர நாள் பிடிக்கும். பசி நாள் பார்த்து வருவதில்லை.

இதை உலகம் அறியாமல் இல்லை. 2016-ல் இஸ்தான்புல் நகரில் கூடிய மனிதநேய உதவி மாநாட்டில், 2020-க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதத்தை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கே கொடுப்பது என்று பெரிய நன்கொடையாளர்களும் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டார்கள். 2020 வந்து போயிற்று. நேரடியாகப் போய்ச் சேர்ந்தது ஒற்றை இலக்கச் சதவீதம்தான். வாக்குக் கொடுத்த தவணை கடந்தும் சீட்டு பட்டுவாடா ஆகவில்லை என்றால் நம் கடைவீதியில் அதற்கு என்ன பெயர் என்பதை வாசகர்களே சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த அடி 2025 ஜனவரியில் விழுந்தது. 20-ஆம் தேதி பதவியேற்ற அன்றே அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வெளிநாட்டு உதவி அனைத்தையும் 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவிட்டார். சூடானுக்கு அதிக உதவி செய்துவந்த நாடு அமெரிக்காதான். சில நாட்களில், உயிர் காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்று அறிவித்தார்கள். ஆனால் பணம் பட்டுவாடா செய்கிற ஏற்பாடே முடங்கிக் கிடந்ததால் விலக்கு காகிதத்தில் நின்றுவிட்டது. 1,100-க்கும் மேற்பட்ட பொது அடுப்புகள், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, மூடப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு யு.எஸ்.எய்ட் என்ற அந்த உதவி நிறுவனம் வெளிநாட்டு உதவி வழங்குவதே நின்றுபோயிற்று.

இதில் பழி ஒருவர் மேல் மட்டும் இல்லை என்பது நம் கருத்து. பெரும்பகுதிக் கொள்முதலுக்கு ஒரே ஒரு ஆலையை நம்பியிருக்கும் கடை, அந்த ஆலை கதவடைத்த அன்றே காலியாகும். அந்தத் தெருக் குழுக்கள் விரும்பி அப்படி இருக்கவில்லை; மற்ற நாடுகள் தங்கள் பங்கைக் குறைவாகவே கொடுத்ததால் அந்த நிலை வந்தது. உதவி செய்கிறவர்கள் பலராக இருப்பதும், ஒவ்வொருவர் பங்கும் அளவாக இருப்பதும், நின்று கொடுப்பதும்தான் பாதுகாப்பு. ஒருவர் அள்ளிக் கொடுத்து ஒரே நாளில் கையை இழுத்துக்கொள்வதைவிடப் பத்துப் பேர் மாதா மாதம் கொடுப்பது மேல்.

இதைவிட முக்கியமாக இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நன்கொடை கொடுக்கிற பலருக்கு ஒரு எண்ணம் உண்டு: பணம் முழுவதும் பருப்பாகவும் மாவாகவும் போக வேண்டும், ஆள் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கணக்குப் பிள்ளைக்கும் போகக் கூடாது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடை என்பது சரக்கு மட்டுமா? தராசு வேண்டும், பேரேடு வேண்டும், மூட்டை தூக்க ஆள் வேண்டும், தொலைபேசி வேண்டும், கடன் பாக்கி வராத மாதத்தைத் தாண்ட ஒரு கைமுதல் வேண்டும். இவை இல்லாமல் சரக்கை மட்டும் கொட்டினால் அது கடை ஆகாது, குவியல்தான் ஆகும். தொண்டு அமைப்பும் அப்படித்தான். மாதக் கணக்கில் சம்பளம் இல்லாமல் அடுப்படியில் நிற்கும் இளைஞனுக்கும் வீட்டில் குழந்தை உண்டு. அவன் உயிருக்கு அங்கே உத்தரவாதமும் இல்லை. இரு தரப்புப் படைகளும் இந்தத் தொண்டர்களை உளவாளி என்று சந்தேகித்துப் பிடித்து அடைத்திருக்கின்றன, பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அமைப்பை நிற்க வைக்கும் செலவை வீண் செலவு என்று ஒதுக்குகிற நன்கொடை, விதை நெல்லைச் சமைத்துப் போடுவதற்குச் சமம்.

“பணத்தைக் கொடுத்தால் தின்றுவிட மாட்டார்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாமும் கணக்கு இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டோம். ஆனால் கணக்கு என்பது ஆளுக்கும் தொகைக்கும் தகுந்தபடி இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கொள்முதல் செய்பவரிடம் கேட்கும் ரசீதை, தலைச்சுமை வியாபாரியிடம் கேட்டால் அவர் தொழிலை விட்டுப் போவார். சூடான் குழுக்கள் பணப் பொறுப்பு ஒருவரிடம், கொள்முதல் ஒருவரிடம், அறிக்கை ஒருவரிடம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு, எளிய படிவங்களில் கணக்குக் காட்டும் முறையை ஏற்படுத்திக்கொண்டன. அதற்கு மேல், தட்டேந்தி நிற்கும் ஊர் முழுவதும் அங்கே தணிக்கையாளர்தான். இன்று எத்தனை மூட்டை வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும். ஆறு மாதம் கழித்து விமானத்தில் வந்து பார்க்கிற அதிகாரியைவிட அந்தக் கண்காணிப்பு வலுவானது.

“அந்நியப் பணம் வந்தால் அந்நியர் அதிகாரமும் வருமே” என்பது இன்னொரு கேள்வி. வரக்கூடும்தான். அதனால்தான் எந்தத் தெருவுக்கு எது தேவை என்பதை அந்தத் தெரு முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். பணம் கொடுத்தவர் முதலாளி ஆகிவிடக் கூடாது, பங்காளியாக இருக்கட்டும்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சூடானே சாட்சி. வடக்கு டார்ஃபூரில் ஜம்ஜம் என்ற முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் நிபுணர்கள் உறுதி செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் எல்-ஃபாஷர் நகரம் விரைவு ஆதரவுப் படையின் முற்றுகையில் 500 நாளுக்கு மேல் கிடந்து, 2025 அக்டோபர் 26 அன்று அவர்கள் கையில் விழுந்தது. அந்த முற்றுகையில் சோளமும் பருப்பும் தீர்ந்த பிறகு மக்கள் ‘அம்பாஸ்’ என்பதைத் தின்றார்கள். அம்பாஸ் என்றால் வேறொன்றும் இல்லை. செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மாட்டுக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கு. நாம் மூட்டை மூட்டையாகக் கைமாற்றுகிற அதே சரக்கு. நகரம் திறந்திருந்த நாட்களில் அங்கே இருந்த குழுக்களுக்கு வேண்டிய முதல் போயிருந்தால், கொஞ்சம் இருப்புச் சேர்த்திருப்பார்கள். முற்றுகைக்குப் பின் வருகிற தீர்மானத்தால் பிண்ணாக்கு சோறாகாது.

வழியில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1997-ல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை விதித்தபோது, அரபிக் கோந்துக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. குளிர்பானத் தொழிலுக்கும் மிட்டாய்த் தொழிலுக்கும் அது தேவைப்பட்டது. ஆகவே வழி பிறந்தது. கோந்து வெளியே வர வழி கண்டவர்களுக்குக் கஞ்சித் தொட்டிக்குப் பணம் உள்ளே போக வழி தெரியவில்லை என்றால் நம்ப முடியுமா?

இந்தக் குழுக்களுக்கு 2025-ல் நார்வே நாட்டின் ராஃப்டோ பரிசும், ஸ்வீடன் நாட்டின் ‘சரியான வாழ்வாதார விருதும்’ கிடைத்தன. மகிழ்ச்சி. ஆனால் மாலை போட்டால் பருப்புக்கடைப் பாக்கி அடையாது. நிதி கொடுக்கும் அரசாங்கங்கள் செய்ய வேண்டியது மூன்று: இடைத்தரகர் படிகளைக் குறைத்து நேராகக் கொடுப்பது, சரக்குச் செலவோடு அமைப்பு நடத்தும் செலவையும் சேர்த்துக் கொடுப்பது, ஒருமுறை கொடுத்த வாக்கைப் பாதியில் நிறுத்தாமல், நிறுத்துவதானால் போதிய முன்னறிவிப்பும் பாக்கிப் பட்டுவாடாவும் செய்து நிறுத்துவது.

வணிகப் பெருமக்களே, நம் சங்கங்களும் புயல், வெள்ளம் என்றால் நிதி திரட்டி அனுப்புகின்றன. அங்கும் இந்த நியாயம் பொருந்தும். லாரியில் மூட்டை ஏற்றிப் பேனர் கட்டி அனுப்புவதோடு நின்றுவிடாமல், அந்த ஊரில் முன்பே வேலை செய்துவருகிற நாணயமான குழுவைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையில் கொஞ்சம் முதலும் கொடுக்க வேண்டும். அந்த ஊர்க் கடைக்காரருக்கு அவர்கள் வைத்த பாக்கியையும் கேட்டு அடைக்க வேண்டும். கடன் கொடுத்த அந்தக் கடைக்காரரும் நம் ஆள்தான். அவர் கடை திறந்திருந்தால்தான் மறுநாளும் அடுப்பு எரியும்.